அப்பா தந்த 11 லாக் புக்குகள்: அவர் வாழ்க்கையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

பின்சீட்டு (கேள்வி):

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. இந்த வருடம் மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். 44 வருடம் பறந்தவர். பழைய செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்றைக் கடனில் வாங்கிச் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். இன்று ஐந்து விமானங்கள், ஒரு பயிற்சிப் பள்ளி, கொஞ்சம் சார்ட்டர் (வாடகைப் பயண) வேலை. அண்ணன் இன்ஸ்ட்ரக்டர். முதல் நாளிலிருந்து கணக்கு அம்மா கையில். எந்த விமானம் எப்போது, யாருக்கு என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நான். எனக்கு ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் பின்சீட்டில் உட்கார்ந்து போனதோடு சரி.

அவர் வாழ்க்கையை எழுதி வைக்க ஆசை. வெளியிடுவதற்கு அல்ல, அண்ணன் பிள்ளைகளுக்கும் எங்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கும். ஆனால் அப்பாவிடம் கேட்டால் பேச்சு வருவதில்லை. "ஆரம்பத்தில் எப்படி இருந்தது?" என்றால் "நன்றாகத்தான் இருந்தது" என்கிறார். "கஷ்டம்?" என்றால் "எந்தத் தொழிலில் இல்லை?" என்கிறார். கடைசியில் அலமாரியிலிருந்து, பறந்த நேரத்தைப் பதிந்து வைக்கும் 11 லாக் புக்கை எடுத்து மேசையில் வைத்து, "எல்லாம் இதில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். திறந்தால் தேதி, விமானத்தின் எண், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி. அவ்வளவுதான்.

இன்னொன்று. மூன்றாவது புத்தகத்தில் நான்கு மாதத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அதற்கு முந்தைய கடைசி வரி 0.3 மணி, ஏறிய இடத்திலேயே இறக்கம். தொழில் தொடங்கி மூன்றாவது வருடம் அது, நான் பிறக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார், விமானங்களை நிறுத்தும் ஹேங்கர் பக்கம் போய்விட்டார். விபத்தா, உடம்பு சரியில்லையா, தெரியவில்லை. மறுபடி கேட்கலாமா, விட்டுவிடலாமா? வீட்டிலேயே இப்படி ஒருவரைப் பற்றி எழுதியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


மூன்றாம் ஹேங்கர்:

நான் உங்களுக்கு மூத்தவளாகத்தான் இருப்பேன், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். என் அப்பாவும் இதே ரகம். வானிலிருந்து படம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் ஒற்றை விமானத்தோடு தொடங்கியவர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நிறுவனத்தை இப்போது நான் நடத்துகிறேன். அவர் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நீங்கள் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டேன், நீங்கள் வாங்கிய அதே பதில்களை வாங்கினேன். ஒரு மாதம் வீணாகப் போனது.

வழி பிறந்தது தற்செயலாகத்தான். அப்பாவின் லாக் புக்கும் அம்மாவின் கணக்கு நோட்டும் ஒரே மேசையில் திறந்து கிடந்தன. ஒரே தேதி. லாக் புக்கில் 0.4 மணி, அதாவது 24 நிமிடம். ஏறிய இடத்திலேயே இறக்கம். குறிப்புக் கட்டத்தில் "மேகம்" என்று ஒரே சொல். அம்மாவின் நோட்டில்: "முழுப் பணமும் திருப்பியாயிற்று. எரிபொருள் நம் செலவு." அதற்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில்: "இனி இவர் வரமாட்டார்."

இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம், "இந்த 0.4 என்னப்பா?" என்றேன். இரண்டு மணி நேரம் பேசினார். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

அந்த வருடத்தில் எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் அவர். மலைக்கு அந்தப் பக்கம் அவசரமாகப் போக வேண்டும். கணவாயை நெருங்கும்போது மேகம் இறங்கி வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா பள்ளத்தாக்கின் நடுவில் போகவில்லை, ஒரு பக்கச் சரிவை ஒட்டியே போயிருக்கிறார். "நடுவில் போனால் திரும்புவதற்குப் பாதி அகலம்தான் மிஞ்சும். ஓரமாகப் போனால் முழு அகலமும் உன் கையில் இருக்கும்" என்று மேசை மேல் கையை வைத்துக் காட்டினார். அந்தக் கை சாய்ந்து திரும்பியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர், இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்பா பதில் பேசாமல் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இதுவரை விமானியின் கதை. மீதியை அப்பா கடைசியில், போகிற போக்கில் சொன்னார். இறங்கி அலுவலகத்துக்கு வந்தபோது அம்மா பணத்தை எண்ணி உறையில் போட்டு மேசை மேல் தயாராக வைத்திருந்தாராம். 24 நிமிடத்தில் என்ஜின் சத்தம் திரும்பி வருகிறது என்றால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்கவே இல்லை. அன்று மட்டுமல்ல, கடைசி வரை ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வாடிக்கையாளர் அம்மா எழுதியபடியே பிறகு வரவில்லை. கடன் தவணை அந்த மாதம் தள்ளிப்போனது. அதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் நிறுவனம் பிழைத்ததற்குக் காரணம் அப்பாவின் கைத்திறமை என்று எல்லோரும் சொல்வார்கள். திறமை இருந்தது. ஆனால் திரும்பி வந்த விமானிக்கு வீட்டில் விசாரணை இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. பணம் போனதே என்று ஒரு முகச்சுளிப்பு இருந்திருந்தாலும், அடுத்த முறை அப்பா இன்னும் இரண்டு நிமிடம் உள்ளே போயிருப்பார். அந்த இரண்டு நிமிடம் போதும்.

அதனால் உங்கள் அம்மாவின் பெயர் நன்றியுரையில் மட்டும் வந்தால் போதாது தம்பி, கதைக்குள்ளே வர வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஒலிவ் ஆன் பீச். 1924இல் டிராவல் ஏர் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தில் கணக்கும் கடிதமும் பார்க்கச் சேர்ந்தவர். விமானத்தின் பாகங்கள் தெரியாது என்று அங்கே இருந்தவர்கள் சிரித்தபோது, விமானப் படம் ஒன்றை வரைந்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் படித்தார். 1932இல் கணவர் வால்டர் பீச்சுடன் சேர்ந்து விசிட்டாவில் பீச் ஏர்கிராஃப்ட்டைத் தொடங்கினார். வால்டர்தான் விமானி, ஒலிவ் ஆன் விமானம் ஓட்டியவர் அல்ல. 1950இல் வால்டர் இறந்ததும் தலைமையில் உட்கார்ந்து 1968 வரை நிறுவனத்தை நடத்தினார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று நீங்கள் ஏதோ குறை போல எழுதியிருந்தீர்கள், அதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

அந்த நான்கு மாதத்தை அப்பாவிடம் மறுபடி கேட்பதற்கு முன்னால் அம்மாவின் நோட்டைப் பாருங்கள். பழைய நோட்டை அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்.


ஆயில்கை:

31 வருடமாக மெக்கானிக். எழுதுவது பற்றி எனக்குத் தெரியாது, அந்த 0.3 பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது ஆளின் புத்தகம். விமானத்துக்கு என்று தனிப் புத்தகம் உண்டு. என்ஜினுக்கு அதிலும் தனி. அதே தேதியில் என்ஜின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஏறிய இடத்திலேயே 0.3, பிறகு நான்கு மாதம் ஒன்றுமில்லை என்றால் என் புத்தி முதலில் என்ஜினுக்குத்தான் போகும். விபத்து என்றால் விமானத்தின் புத்தகத்தில் பழுது பார்த்த பதிவு பக்கம் பக்கமாக இருக்கும், அதுவும் உடனே தெரிந்துவிடும்.

அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் எத்தனை மணி பறந்திருக்கிறார் என்றும் கூட்டிப் பாருங்கள். 1968இலிருந்து செஸ்னா 172இல் வந்தது லைகமிங் என்ஜின். நல்ல என்ஜின், பெரும்பாலானவற்றுக்கு ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) வரை 2000 மணி என்பது தயாரிப்பாளர் கணக்கு. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல் பக்கம் இருக்கும். விமானம் சும்மா நின்றால் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து கேம் காய்ந்துவிடும், ஈரக் காற்றில் துரு பிடிக்கும். அப்புறம் ஓட்டும்போது அந்தத் துருப்பிடித்த முகம் செதில் செதிலாக உதிரும். தினமும் பறக்கிற விமானம் ஒழுங்காக இருக்கும். வேலை இல்லாமல் நின்ற விமானம்தான் கெட்டுப்போகும். வெளியே இருப்பவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி என்றால், எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரை வெட்டித் திறப்போம். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைப் பிழிந்து விரித்து வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பழைய விமானத்தில் ஃபில்டர் இல்லாவிட்டால் சல்லடை. மினுக்கினால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவோம். ஒட்டினால் இரும்பு. நிறைய ஒட்டினால் அந்த என்ஜின் இறங்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் உரிமையாளர் முகத்தைப் பார்ப்பது கொடுமை. என்ஜின் சத்தமும் சரியாக இருக்கும், பிரஷரும் சரியாக இருக்கும், ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும். "இன்னும் 50 மணி ஓட்டிப் பார்க்கலாமே" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் வேலையை விட்டே வந்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் புத்தகத்தில் நான்கு மாதம் காலியாக இருக்கிறது என்றால், அவர் அப்படிக் கேட்கவில்லை என்று அர்த்தம்.


வடகாற்று:

நான் சொந்தத் தொழில் செய்தவன் அல்ல. ஒரு குடும்பத்தின் நிறுவனத்தில் 19 வருடம் சம்பளத்துக்குப் பறந்தவன். வெளியாள் கண்ணில் பட்டதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலாளியின் மகனும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அங்கே சேர்ந்தோம். மகனுக்குப் பயிற்சி கொடுத்தவர் முதலாளியேதான், ஆனால் தகுதி பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையை மட்டும் எப்போதும் வெளி இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்துவிடுவார். "என் பையனை நான் மன்னித்துவிடுவேன், காற்று மன்னிக்காது" என்றார் ஒரு முறை. மகன் முதல் தடவை தேறவில்லை. முதலாளி வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை வந்தது. சம்பளக்காரனுக்கு ஒரு சட்டம், பிள்ளைக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் அந்த இடத்தில் யாரும் குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

பின்சீட்டு, லாக் புக்கில் இல்லாத ஒன்றையும் தேடுங்கள். உங்கள் அண்ணன் முதல்முறை தனியாகப் பறந்த நாளை அப்பாவின் புத்தகத்தில் பாருங்கள். சேர்ந்து பறந்த பயிற்சி நேரம் இருக்கும், 0.6 என்றோ 0.7 என்றோ. அதற்குப் பிறகு அப்பா இறங்கிக் கதவைச் சாத்தியிருப்பார், அண்ணன் தனியாக ஏறியிருப்பார். அந்தச் சுற்று அண்ணன் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். விமானத்தில் இல்லாதவர் அந்த நேரத்தை எழுத முடியாது. பள்ளி நடத்திய அப்பா ஒருவருக்கு வாழ்க்கையிலேயே நீளமான அந்தச் சில நிமிடங்கள் அவருடைய எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

குடும்பத்தோடு பறப்பது லேசான காரியம் இல்லை. அலாஸ்காவில் நோயல் வீன் 1924இல் ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்கு முதன்முதலாகப் பறந்தவர். அடுத்தடுத்து சகோதரர்களும் வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக்காக வந்த ரால்ஃபுக்கு நோயலே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1930இல் ரால்ஃப் விமான விபத்தில் இறந்துபோனார். பின்னாளில் குடும்ப நிறுவனத்தை இன்னொரு சகோதரர் சிக் பொறுப்பெடுத்துப் பல வருடம் நடத்தினார். கற்றுக்கொடுத்த நோயல் அதற்குப் பிறகும் பறந்துகொண்டிருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பிள்ளையை விமானத்தில் ஏற்றிவிட்ட எந்த அப்பாவுக்கும் இந்தப் பயம் உள்ளே இருக்கும். உங்கள் அப்பா அதைச் சொல்லாமல் போனாலும் வற்புறுத்தாதீர்கள்.


பின்சீட்டு:

மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஆயில்கை அண்ணா, முதலில் நீங்கள் சொன்ன இடத்துக்குத்தான் போனேன். அந்தப் பழைய 172 எங்களிடம் இன்னும் இருக்கிறது, அதனால் என்ஜின் புத்தகங்களும் இருந்தன. அதே தேதி. "சல்லடையில் உலோகச் செதில். காந்தத்தில் ஒட்டுகிறது. என்ஜின் இறக்கப்பட்டது." ஓவர்ஹாலுக்குப் பிறகு ஓடியது 912 மணி. அதற்கு முந்தைய மாதங்களைக் கூட்டினேன். ஒரு மாதம் 4.1, அடுத்த மாதம் 2.6. இரண்டும் மழைக்கால மாதங்கள். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த இரண்டு எண்களைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. வேலை இல்லாததால் விமானம் நின்றது, நின்றதால் என்ஜின் போனது.

அக்கா, அம்மாவிடம் நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, எழுந்து போய் எடுத்துவந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் "என்ஜின்" என்று ஒரு கட்டம். பறந்த ஒவ்வொரு மணிக்கும் ஓவர்ஹால் செலவில் 2000இல் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார். வருமானம் மோசமான மாதத்திலும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது, வீட்டுச் செலவுக் கட்டம்தான் சுருங்கியிருக்கிறது. ஆனால் 912 மணியில் என்ஜின் போனால் பாதிப் பணம்கூடச் சேர்ந்திருக்காது, இல்லையா. அதற்கு அடுத்த பக்கத்தில் ஏழு பெயர்கள். முன்பணம் கட்டியிருந்த பயிற்சி மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று தவணையில் பணத்தைத் திருப்பியிருக்கிறார்கள், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு டிக்.

பணம் எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். பக்கத்து ஹேங்கரில் அப்பா நான்கு மாதம் வேலை பார்த்தாராம். பறக்கும் வேலை அங்கே காலியில்லை. விமானம் கழுவுவது, எரிபொருள் நிரப்புவது, இரவில் கதவைப் பூட்டுவது. லாக் புக்கில் அதை எழுதக் கட்டம் கிடையாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு இரண்டு நோட்டையும் விரித்து அப்பா முன்னால் வைத்தேன். எதையும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஏழு பெயர்களையும் மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். ஏழாவதில் நிறுத்தினார். அதன் பக்கத்தில் டிக் இல்லை. நான் அதுவரை கவனிக்கவே இல்லை.

"இந்தப் பையன் ஊர் மாறிப் போய்விட்டான். கொடுத்த முகவரியில் ஆள் இல்லை. இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன" என்றார். "அவனுக்கு நம்மிடம் 3 மணி நேரம் பாக்கி."

36 வருடத்துக்கு முந்தைய விஷயம். அன்றைக்குப் புத்தகத்தை மூடிக் கொடுத்தபோது அவர் மனதில் இருந்தது கெட்டுப்போன என்ஜினோ, இன்னொருவர் விமானத்தைக் கழுவியதோ இல்லை. இந்த 3 மணி நேரம்தான். அப்புறம் தானாகவே பேசத் தொடங்கினார். இரவு சாப்பாட்டுக்கு அம்மா வந்து கூப்பிடும் வரை நிறுத்தவில்லை. எனக்கு 14 பக்கம் குறிப்பு சேர்ந்தது.

வடகாற்று ஐயா, அண்ணன் தனியாகப் பறந்த நாளில் எங்கே நின்றீர்கள் என்றும் கேட்டேன். காற்றின் திசை காட்டும் விண்ட்சாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஏழாவது பெயரை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். அவருக்கும் 60ஐ நெருங்கியிருக்கும். கிடைப்பாரா, கிடைத்தாலும் பறக்க விரும்புவாரா தெரியாது. அவர் வந்தால் தானே கூட்டிக்கொண்டு போவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார், அதே 172இல். அப்பா பின்சீட்டில் வருவாராம். அலுவலகத்தில் அட்டவணைப் பலகையில் அந்தப் பெயரையும், அதன் எதிரே 3.0 என்றும் எழுதிவிட்டேன். தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.